அலுவலகத் தொலைபேசியில் யாரும் பேசாத அழைப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன: எங்கே தேடுவது?

மண்ணடி கிளியரிங் ஆபீஸ் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தம்பு செட்டித் தெருவில், கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நடந்து போகும் தொலைவில், இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் நிர்வாகப் பணி பார்க்கிறேன். தொலைபேசித் தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. ஆனால் தொலைபேசி கெட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்களிடம் பத்து ஐ.பி. ஃபோன்கள், அதாவது இணையம் வழியாகப் பேசும் ஃபோன்கள், இருக்கின்றன. அவை பிராட்பேண்ட் வழியாகச் சேவை நிறுவனத்தின் கிளவுட் பி.பி.எக்ஸ். அமைப்போடு (அலுவலக அழைப்புகளை இணைத்துவிடும், இணையத்தில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச்) இணைந்தவை. இவை தவிர, பழைய வாடிக்கையாளர்கள் கையில் அந்த எண்கள் இருப்பதால் இரண்டு செம்புக் கம்பி லேண்ட்லைன்களையும் விடாமல் வைத்திருக்கிறோம். அவை ஒரு பழைய இன்டர்காம் பெட்டியின் வழியாகக் கணக்குப் பிரிவுக்குப் போகின்றன.

ஒன்றரை மாதமாகக் காரணம் புரியாத அழைப்புகள் வருகின்றன. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் வரவேற்பறை ஃபோன் அடிக்கிறது. எடுத்தால் மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வைத்த சில நிமிடங்களில் மீண்டும் அடிக்கிறது. திரையில் 100 என்றும், 1001 என்றும், சில சமயம் 9 இல் தொடங்கும் நீளமான எண்ணும் தெரிகிறது. மேலாளர் அறை ஃபோனும் இப்படியே அடிக்கிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மா, பேசி முடித்து ரிசீவரை வைத்த மறுநொடியே தன் ஃபோன் அடிப்பதாகச் சொல்கிறார். லேண்ட்லைன் ஒன்றிலும் பகல் பதினொரு மணிக்குமேல் அடிக்கடி அழைப்பு வந்து, எடுத்தவுடன் வேறு ஏதோ சத்தம் கேட்கிறது.

சேவை நிறுவனத்திடம் புகார் கொடுத்தேன். தங்கள் பதிவில் அப்படி ஓர் அழைப்பே இல்லை என்று இரண்டு முறை எழுத்து மூலமாகவே பதில் சொல்லிவிட்டார்கள். வரவேற்பறை ஃபோனை மாற்றிப் புதியதை, பழையதன் அமைப்புகளை அப்படியே ஏற்றி வைத்தேன், அதுவும் அடித்தது. இரவுக் காவலர் ஐயா மூன்றாம் நாளே ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் படுக்கத் தொடங்கினார். போன வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தபோது ஃபோனுக்குப் பக்கத்தில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தொண்டையார்பேட்டை வாசகர் எழுதியது:

வணக்கம். இது மழைக்காலக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை வந்தாலே கேபிளில் தண்ணீர் இறங்கி ஃபோன் தானாக அடிக்கும். அப்படி இல்லையென்றால் விளம்பர அழைப்பாக இருக்கும். 1909 என்ற எண்ணில் தொல்லை அழைப்புத் தடைக்குப் பதிவு செய்துவிடுங்கள். அந்த 100 என்பது காவல்துறை எண்ணாயிற்றே, அதையும் ஒருமுறை விசாரித்து வைப்பது நல்லது.

ஓய்வுபெற்ற லைன்மேன், இராயபுரம் எழுதியது:

தொண்டையார்பேட்டை நண்பர் சொல்வதில் ஒரு பகுதி சரி. ஆனால் அதை இந்த இடத்தில் பொருத்த முடியாது. கம்பியில் ஈரம் இறங்கினால் மணி அடிக்கும், உண்மைதான். பக்கத்து இணைக் கம்பியில் போகிற மணி மின்சாரம் கசிந்து நம் ஃபோனைக் கிணுகிணுக்க வைக்கும். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் கடற்காற்று பட்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இணைப்புப் பெட்டியில் பித்தளைத் திருகுகளெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடப்பதை என் பணிக்காலம் முழுவதும் சுரண்டியிருக்கிறேன். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கம்பி விட்டுவிட்டுத் தொடும்போது, எக்ஸ்சேஞ்ச் அதைப் பழைய வட்ட டயலின் துடிப்பாக எண்ணிக்கொண்டு, யாரும் தொடாமலே 112 போன்ற சிறிய எண்களுக்கு அழைப்புப் போட்டுவிடுவதும் நடந்ததுண்டு. ஒன்று, ஒன்று, இரண்டு என்றால் மொத்தம் நான்கே துடிப்பு. ஈரக் கம்பிக்கு அது பெரிய வேலையில்லை.

ஆனால் ஈரத்துக்கு எழுதத் தெரியாது. உங்கள் வரவேற்பறைத் திரையில் 100 என்று எண் தெளிவாக விழுகிறது என்றால், அதை எங்கோ ஒரு கருவி எழுதி அனுப்பியிருக்கிறது. மேலும் அந்த ஃபோன் செம்புக் கம்பியிலேயே இல்லை. ஆகவே உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல. மூன்று கோளாறுகளை ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்து வந்திருக்கிறீர்கள். மூட்டையைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வரவேற்பறை விஷயத்தை அது தெரிந்தவர்கள் சொல்லட்டும். கணக்குப் பிரிவு அம்மா விஷயம் எனக்குத் தெரியும். ஒரு நாள் அவர் பக்கத்தில் நின்று, அவர் அழைப்பை எப்படி முடிக்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஒருவரிடம் பேசி முடித்ததும் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கட்டை விரலால் கொக்கியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த எண்ணைப் போடுகிறவராக இருப்பார். கொக்கி முழுதாக ஒரு நொடிகூட அழுந்தியிருக்காது. அவ்வளவு குறுகிய தட்டலை இன்டர்காம் பெட்டி ‘ஃபோனை வைத்துவிட்டார்’ என்று எடுத்துக்கொள்வதில்லை. ‘ஃப்ளாஷ்’ என்று, அதாவது முதல் அழைப்பை நிறுத்தி வைத்துவிட்டு வேறொன்று போடுகிறார் என்று எடுத்துக்கொள்கிறது. அவர் கடைசியில் உண்மையாகவே ரிசீவரை வைக்கும்போது, நிறுத்தி வைத்த அழைப்பு ஒன்று இருக்கிறதே என்று பெட்டி அவருக்கே மணி அடிக்கிறது. எடுத்துப் பார்த்தால் முதலில் பேசியவர் எப்போதோ வைத்துவிட்டுப் போயிருப்பார். வெறும் டோன் கேட்கும். கொக்கியை இரண்டு நொடி அழுத்தச் சொல்லுங்கள். பழக்கத்தை மாற்றுவது கடினம் என்றால், பெட்டியின் அமைப்பில் ஃப்ளாஷ் நேரத்தைக் குறைத்துவிடலாம்.

ஐ.பி. ஃபோன் பணியாளர், திருவொற்றியூர் எழுதியது:

லைன்மேன் ஐயா மூட்டையைப் பிரித்துக் கொடுத்தது பெரிய உதவி. வரவேற்பறை விஷயத்தை நான் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. சேவை நிறுவனத்தின் பதிவில் அந்த அழைப்பு இல்லை என்று அவர்கள் சொன்னதைச் சாக்குப்போக்கு என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அது உண்மையாகவே இருக்கும். அதையே முதல் தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். பி.பி.எக்ஸ். வழியாகப் போகும் ஒவ்வோர் அழைப்பும் அதன் பதிவில் ஒரு வரியாக விழ வேண்டும். ஃபோன் அடித்திருக்கிறது, பதிவில் வரி இல்லை என்றால், அந்த அழைப்பு பி.பி.எக்ஸ். பக்கமே போகாமல், இணையத்திலிருந்து நேராக உங்கள் ஃபோனின் வாசலுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கிறது.

அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். ஐ.பி. ஃபோன்கள் அழைப்பை ஏற்படுத்தவும் முடிக்கவும் எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. அதன் இன்றைய அடிப்படை வரையறை 2002 இல் வெளியானது. அந்தச் செய்திகள் வந்து சேரும் வாசல் எண், அதாவது போர்ட் எண், வழக்கமாக 5060. அந்த நெறிமுறைப்படி, ‘இன்வைட்’ என்று தொடங்கும் சின்னச் செய்தி ஒன்று இந்தப் போர்ட்டுக்கு வந்தால் ஃபோன் அடிக்கலாம். யாரிடமிருந்து வந்தது என்று பார்க்கும்படி அமைத்திருந்தால் மட்டுமே ஃபோன் அதைப் பார்க்கும். அனுப்புகிறவர் தன் எண் என்று எதை எழுதுகிறாரோ அதுவே திரையில் விழும். 100, 1000, 1001 என்பவை, எக்ஸ்டென்ஷன்களுக்கு (அலுவலகத்துக்குள் ஒவ்வொரு ஃபோனுக்கும் உள்ள இணைப்புகளுக்கு) பலரும் வைக்கும் எண்கள் என்பதால், அந்தச் செய்தியை அனுப்பும் நிரல்கள் வழக்கமாக எழுதுகிறவை. காவல்துறைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அனுப்புவது மனிதர் அல்லர் என்பதால்தான் மறுமுனையில் மூச்சுச் சத்தமும் இல்லை. ‘சிப்விஷஸ்’ என்ற கருவித்தொகுப்பு பாதுகாப்புச் சோதனைக்காக எழுதப்பட்டது. அதையும் அதைப் போன்றவற்றையும் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இணையத்தின் முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள். கதவு திறந்த பி.பி.எக்ஸ். ஒன்று அகப்பட்டால், அதன் வழியாக அதிகக் கட்டணம் பிடிக்கும் வெளிநாட்டு எண்களுக்குப் பேசி, அந்தக் கட்டணத்தில் பங்கு எடுப்பது அவர்கள் பிழைப்பு. நீங்கள் பார்த்த 9 இல் தொடங்கும் நீள எண்கூட, ‘9 போட்டால் வெளி லைன் கிடைக்குமா’ என்று தட்டிப் பார்த்த முயற்சியின் மிச்சமாக இருக்கலாம். உங்கள் ஃபோனில் அவர்களுக்கு ஆதாயம் எதுவும் இல்லை. அது பாவம், மணி அடிக்க மட்டும்தான் தெரிந்தது. பகலிலும் இவை வந்துகொண்டுதான் இருக்கும். பத்து ஃபோன் அடிக்கும் இரைச்சலில் ‘யாரோ வைத்துவிட்டார்கள்’ என்று கடந்து போயிருப்பீர்கள்.

இப்போது நான் கேட்க விரும்புவது ஒன்று. பத்து ஃபோன்களில் இரண்டு மட்டும் ஏன் அடிக்கின்றன? அந்த இரண்டுக்கும் மட்டும் ரவுட்டரில் யாரோ வழி திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் என்ற பகுதியையும், டி.எம்.இசட். என்ற பகுதியையும் பாருங்கள். வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் ஒரு கருவிக்கு நேராக அனுப்பும் அமைப்புகள் அவை. அதோடு, அந்த ஃபோனின் நிர்வாகப் பக்கத்தில் தகவல் பொட்டலங்களைப் பதிவு செய்யும் வசதி இருந்தால், இரவு முழுவதும் ஓட விட்டு, மறுநாள் அந்தப் பதிவைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற நிரலில் திறந்து, ‘இன்வைட்’ எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் சேவை நிறுவனத்தின் முகவரியாக இருந்தால் நான் சொன்னது தவறு, அவர்களிடமே திரும்பிப் போகலாம். வேறு ஊர் முகவரியாக இருந்தால் அவர்களைக் குறை சொல்ல வேண்டாம்.

1909 பற்றி ஒரு சொல். அது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வழியாக வரும் வணிக அழைப்புகளுக்கு உரியது. விளம்பர அழைப்புகளுக்கு 140 இல் தொடங்கும் வரிசையை ஒதுக்கியிருப்பதும் அதைச் சேர்ந்த ஏற்பாடுதான். எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் எண்ணையும் தொடாமல் இணையத்தில் நேராக வருகிற இந்த ‘இன்வைட்’டுக்கு, பதிவு செய்தாலும் பயன் இருக்காது.

மண்ணடி கிளியரிங் ஆபீஸ் எழுதியது:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் கணக்குப் பிரிவு. லைன்மேன் ஐயா சொன்னபடி அரை மணி நேரம் அவர் மேசைக்கு எதிரே, ஒரு கோப்பைப் புரட்டுவதுபோல உட்கார்ந்திருந்தேன். வங்கிக்குப் பேசி முடித்தார். ரிசீவர் காதிலேயே இருக்க, பேனாவின் பின்முனையால் கொக்கியை ஒரு தட்டு. உடனே லாரி ஆபீஸுக்கு எண் போட்டார். அதை வைத்ததும் மணி அடித்தது. “பார்த்தீர்களா, நான் சொன்னேனே” என்று என்னையே பார்த்தார். கட்டை விரல் அல்ல, பேனா. மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடியே. இன்டர்காம் பெட்டியில் ஃப்ளாஷ் நேரத்தைக் குறைக்கச் சொல்லி, அதை நிறுவியவரை வரவழைத்து மாற்றிவிட்டோம். அதற்குப்பின் அடிக்கவில்லை.

இரண்டாவது, ரவுட்டர். திருவொற்றியூர் நண்பரின் ஊகம் எழுத்துக்கு எழுத்துச் சரி. போர்ட் ஃபார்வர்டிங் பகுதியில் இரண்டே வரிகள் இருந்தன: 5060 வரவேற்பறை ஃபோனுக்கு, 5062 மேலாளர் அறை ஃபோனுக்கு. தொடக்கத்தில் இந்த இரண்டு ஃபோன்களில் மட்டும் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது என்று ஒரு தொல்லை இருந்ததும், அதை நிறுவ வந்த பையன் ‘ரவுட்டரில் ஒரு சின்ன மாற்றம்’ செய்து சரிப்படுத்திவிட்டுப் போனதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரவுப் பதிவில் ‘இன்வைட்’ 41 இருந்தன. ஒன்றுகூட எங்கள் சேவை நிறுவனத்தின் முகவரியிலிருந்து வரவில்லை. அனுப்பும் கருவியின் பெயர் எழுதும் இடத்தில் பலவற்றில் ‘ஃபிரெண்ட்லி ஸ்கேனர்’ என்றே இருந்தது. நட்பான ஸ்கேனராம். அந்த இரண்டு வரிகளையும் இப்போதே நீக்கிவிடலாமா? நீக்கினால் பழைய தொல்லை திரும்புமோ என்று தயக்கமாக இருக்கிறது.

ஐ.பி. ஃபோன் பணியாளர், திருவொற்றியூர் எழுதியது:

நீக்குங்கள், தயக்கம் வேண்டாம். கிளவுட் பி.பி.எக்ஸ். உடன் பேசும் ஃபோனுக்கு இந்தத் திறப்பு தேவையே இல்லை. ஃபோன்தான் உள்ளிருந்து வெளியே போய்த் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. அந்தப் பாதையிலேயே அழைப்பு திரும்பி வரும். ஒருபக்கக் குரல் தொல்லைக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் ரவுட்டரில் ‘எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.’ என்ற அமைப்பு. உதவி செய்கிறேன் என்று எஸ்.ஐ.பி. செய்திகளுக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்தி எழுதுகிற வசதி அது; பல ரவுட்டர்களில் அதைத் தப்பாகத்தான் செய்கிறது. அதை அணைத்துவிட்டு, ஃபோனில் ‘கீப் அலைவ்’ (‘நான் இருக்கிறேன்’ என்று ஃபோன் அவ்வப்போது அனுப்பும் செய்தி) இடைவெளியை 30 நொடியாக வைத்தால், ரவுட்டர் அந்தப் பாதையை இடையில் மூடிவிடாது. வரவேற்பறை ஃபோனை மாற்றியும் அடித்ததற்குக் காரணமும் இதுவே: பழைய அமைப்புகளோடு அதே முகவரியில் புதிய ஃபோன் வந்து உட்கார்ந்தது, திறப்பு அப்படியே இருந்தது.

அடுத்து ஃபோன்களுக்குள்ளேயே ஒரு பூட்டு. ஒவ்வொரு ஃபோனின் நிர்வாகப் பக்கத்திலும், நேரடி ஐ.பி. அழைப்பை ஏற்பது என்று ஒரு தேர்வும், பதிவு செய்த சர்வரிடமிருந்து வரும் செய்தியை மட்டும் ஏற்பது என்று ஒரு தேர்வும் இருக்கும். சொற்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதலாவதை அணைத்து, இரண்டாவதை இயக்குங்கள். பத்து ஃபோனிலும் செய்யுங்கள், அடிக்கிற இரண்டில் மட்டும் அல்ல. சில ரவுட்டர்கள் ஃபோன் வெளியே போகத் திறந்த சந்தின் வழியாக வேறு யார் வந்தாலும் உள்ளே விட்டுவிடும். ஆகவே இரண்டு வரிகளை நீக்கியது மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

மணி அடித்த தொல்லையைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அந்த ஃபோன்களின் நிர்வாகப் பக்கத்துக்கு இன்னும் பெட்டியிலிருந்து வந்த கடவுச்சொல்லே இருந்தால், இன்றே மாற்றுங்கள். அதே பையன் நிர்வாகப் பக்கம் வழக்கமாகத் திறக்கும் 80 அல்லது 443 போர்ட்டையும் எப்போதாவது திறந்து மூடியிருந்தால், உங்கள் எக்ஸ்டென்ஷன் கணக்கின் கடவுச்சொல் வெளியே போயிருக்கக் கூடும். அப்படிப் போனால் ஃபோன் அடிக்காது; ஓசையே இருக்காது. வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போய், திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது வெளிநாட்டு அழைப்புகளுக்கு ஒரு பெரிய பில் நிற்கும். சேவை நிறுவனத்திடம் சொல்லி எக்ஸ்டென்ஷன் கடவுச்சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையான நாடுகளுக்கு மட்டும் ஐ.எஸ்.டி. வைத்து மற்றதை மூடச் சொல்லுங்கள். நாளொன்றுக்குச் செலவு வரம்பு வைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற லைன்மேன், இராயபுரம் எழுதியது:

மூன்றாவது விஷயத்தை அனைவரும் மறந்துவிட்டீர்கள். லேண்ட்லைனில் எடுத்தவுடன் வேறு ஏதோ சத்தம் என்று எழுதியிருந்தீர்கள். என்ன சத்தம்? விசில் போல ஒரு கூவல், அரை நொடி. பிறகு மூன்று நொடி அமைதி. மறுபடி அதே கூவல் என்று இருக்கிறதா? அழைப்புகளுக்கு இடையே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஒரே இடைவெளி இருக்கிறதா?

மண்ணடி கிளியரிங் ஆபீஸ் எழுதியது:

ஆம் ஐயா. இன்று குறித்து வைத்தேன்: 11.10, 11.15, 11.20. பிறகு நின்றுவிட்டது. நேற்றும் மூன்று முறைதான். கூவல் நீங்கள் எழுதியபடியே.

ஓய்வுபெற்ற லைன்மேன், இராயபுரம் எழுதியது:

அது ஃபேக்ஸ் எந்திரம். 1100 ஹெர்ட்ஸில் ‘யாராவது ஃபேக்ஸ் இருக்கிறீர்களா’ என்று கூவுகிறது. பதிலுக்கு ஃபேக்ஸ் ஓசை வராவிட்டால் வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி முயலும். குறித்த எண்ணிக்கை முடிந்ததும் அன்றைக்கு விட்டுவிடும். அந்த எண் முன்பு உங்கள் ஃபேக்ஸ் எண்ணாக இருந்திருக்க வேண்டும். அதனிடம் எவ்வளவு பேசினாலும் புரியாது. யாரிடமாவது ஒரு பழைய ஃபேக்ஸ் எந்திரத்தை ஒரு நாளைக்கு வாங்கி வந்து அந்த லைனில் மாட்டுங்கள். தாளின் தலைப்பு வரியில் அனுப்பியவர் எண் அச்சாகி வரும்.

மண்ணடி கிளியரிங் ஆபீஸ் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வரிகளையும் நீக்கி, ஏ.எல்.ஜி.யை அணைத்து, பத்து ஃபோனிலும் பூட்டுப் போட்டு ஒன்பது இரவுகள் ஆகின்றன. வரவேற்பறை ஃபோன் ஒருமுறைகூட அடிக்கவில்லை, குரலும் இரு பக்கமும் கேட்கிறது. நிர்வாகப் பக்கக் கடவுச்சொல்லைப் பற்றி இங்கே எழுத வெட்கமாக இருப்பதால், மாற்றிவிட்டோம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஃபேக்ஸ் எந்திரத்தை எங்கள் அலுவலகப் பரணிலிருந்தே இறக்கினோம். தாள் சுருள் பழுப்பேறி இருந்தாலும் வேலை செய்தது. 11.10க்கு மணி அடித்தது, கூவியது, இரண்டு பக்கம் தாள் வந்தது. எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் கண்டெய்னர் துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்று வெளிநாட்டுக் கப்பல் ஏஜென்ட் அனுப்பிய வருகை அறிவிப்பு. மின்னஞ்சலிலும் அதுவே வந்திருந்ததால், அந்தக் கண்டெய்னரை முந்தின வாரமே எடுத்து அனுப்பிவிட்டோம். ஃபேக்ஸ் எண்ணைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கும்படி அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். எலுமிச்சம்பழம் காய்ந்துவிட்டது, காவலர் ஐயா அதை இன்னும் எடுக்க விடவில்லை.